கப்பல் பிஸ்கோத்தும் ராத்தல் கணக்கும்

கோகுலாஷ்டமி கழிந்து பத்து நாள் ஆன பிறகு நண்பர் ஒருவர் வீட்டுக்கு நாம் போயிருந்தோம். சீடை டப்பா நம் முன்னால் வந்தது. நமக்கு முன்பே அதில் கையை விட்ட நண்பரின் குமாரன் ஒரு சீடையைக் கடித்துப் பார்த்தான், உடனே தாடையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி! இது சீடையா, கூழாங்கல்லா?" என்று கேட்டான்.

பாட்டியம்மாள் சிறிதும் கலங்கவில்லை. "கொஞ்ச நேரம் வாயிலே ஊற விடடா, கண்ணா! காலையிலே நான் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுத்தானே உனக்கு எடுத்து வைத்தேன்?" என்றாள்.

அந்த அம்மாளுக்கு வாயில் ஒரு பல்கூடக் கிடையாது என்பதை நாம் அறிவோம். ஆகையால், மறு பேச்சுப் பேசாமல் நாமும் ஒரு சீடையை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டோம். அது ஊறி முடிவதற்குள், உலக சரித்திரத்தில் பெயர் பெற்ற வேறொரு கடினமான பண்டத்தைப் பற்றிச் சிந்திப்பதற்கு நமக்கு வேண்டிய அவகாசம் கிடைத்தது. அதுதான் கப்பல் பிஸ்கோத்து.

பிஸ்கோத்து என்றவுடன், வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துச் செய்து, வர்ணக் காகிதத்தில் சுற்றி, தேநீரில் தோய்த்த மாத்திரத்தில் கரைந்து கோப்பையின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் மெல்லிய வஸ்துவை நேயர்கள் நினைக்க வேண்டாம். அது பிஸ்கோத்துக் குலத்தில் பிற்காலத்தில் தோன்றிய செல்லப் பிள்ளை. நாம் சொல்லுவது அந்தக் குலத்தின் மூதாதையை. 'பிஸ்கோத்து' என்ற சொல்லே போர்த்துக்கீசியர் மூலமாகத் தமிழுக்கு வந்தது. அதன் லத்தீன் மூலத்துக்கு 'இரு முறை வெந்தது' என்று பொருள். 1498-ம் ஆண்டில் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு அருகே நங்கூரம் பாய்ச்சியபோது, அவனும் அவனுடைய மாலுமிகளும் பத்து மாதத்துக்கு மேலாகக் கடலில் மென்றுகொண்டு வந்தது இதைத்தான். மிளகுக்கும் ஏலத்துக்கும் ஆசைப்பட்டு வந்தவர்கள், உப்புச் சப்பற்ற ஒரு ரொட்டியின் பலத்தில் வந்தார்கள் என்பது விசித்திரமான விஷயம் அல்லவா?

இந்தப் பிஸ்கோத்தைச் செய்யும் முறை மிக எளிது. கோதுமை மாவு, தண்ணீர், இஷ்டமிருந்தால் ஒரு சிட்டிகை உப்பு - இவ்வளவுதான் சாமான்கள். நெய், எண்ணெய், பால் எதுவும் கூடாது. கொழுப்பு சேர்ந்தால் நாளடைவில் காறல் எடுத்துவிடும். தண்ணீரையும் தாராளமாக விடக் கூடாது. மாவு கட்டை போல் இறுகியிருக்க வேண்டும். தட்டையாக்கி, மேலே வரிசையாகத் துளைகள் போடுவார்கள். இந்தத் துளைகள் அலங்காரத்துக்கு என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறுவதற்கு அவை வாசல்கள். துளை இல்லாவிட்டால் ரொட்டி பூரி போல் உப்பிவிடும், உப்பினால் உடையும், உடைந்தால் மூட்டையில் அடுக்க முடியாது. பிறகு அடுப்பில் நிதானமாகச் சுட்டு, அடுப்புகளுக்கு மேலே கட்டியிருக்கும் பரணில் பரப்பி நன்றாக உலர்த்துவார்கள். ஈரம் இல்லாத இடத்தில் பூஞ்சைக்கு வேலை இல்லை. அப்பளத்தையும் வற்றலையும் வெயிலில் காயவைக்கும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இந்தச் சாஸ்திரத்தை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இங்கே நேயர்களில் சிலர் ஒரு கேள்வி கேட்கலாம். "கப்பலில் அரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டு போய்ச் சோறு பொங்கக் கூடாதா?" என்று. பொங்கலாம், நம் கரைகளிலிருந்து புறப்பட்ட மாலுமிகள் அரிசியைத்தான் கொண்டு போனார்கள். ஆனால், சோறு பொங்க நல்ல தண்ணீர் வேண்டும், நெருப்பு வேண்டும். மாதக் கணக்கில் கரையைக் காணாத கப்பலில் குடிக்கும் நீர் பொன்னுக்குச் சமானம். புயல் அடிக்கும்போது மரக் கப்பலில் அடுப்பு மூட்டுவதோ பிராணாபத்து. பிஸ்கோத்துக்கு இந்த இரண்டும் வேண்டாம். கையை விட்டு எடுத்தால் ஆகாரம். பற்கள் மட்டும் சம்மதிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் கடற்படையில் இந்த ஆகாரத்துக்குத் திட்டமான கணக்கு ஒன்று ஏற்பட்டிருந்தது. நாட்குறிப்பு எழுதிப் புகழ் பெற்ற ஸாமுவேல் பெப்பிஸ் கடற்படை நிர்வாகத்தில் உத்தியோகம் பார்த்த காலத்தில், 1677-ம் ஆண்டில், அந்தக் கணக்கைச் சீராக வகுத்தார்கள். ஒரு மாலுமிக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் பிஸ்கோத்து. ஒரு காலன் பீர். இவற்றுடன் வாரத்தில் சில நாட்கள் உப்பிட்ட மாமிசமும் பட்டாணியும். இந்த ஒரு ராத்தல் என்பதை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். பின்னால் அதைப் பற்றி ஒரு பெரிய வழக்கே வரப் போகிறது.

தேம்ஸ் நதிக் கரையிலுள்ள டெப்ட்போர்டில் கடற்படைக்கு என்று ரொட்டிச் சாலை ஒன்று இருந்தது. அங்கே மாவு பிசைவதற்குக் கை போதாது. சுவரில் ஒரு முனை பொருத்திய பெரிய உத்தரக் கட்டையின் மறு முனையில் ஓர் ஆள் குதிரைச் சவாரி செய்வதுபோல் ஏறி உட்கார்ந்து, குதித்துக் குதித்து மாவை நசுக்குவான். பிறகு அடுப்பண்டை ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். ஒருவன் உருட்டுவான், ஒருவன் முத்திரையும் துளையும் போடுவான், ஒருவன் இரண்டு இரண்டாக இருப்பதைப் பிரிப்பான், நாலாமவன் வீசுவான், ஐந்தாமவன் நீண்ட காம்புள்ள துடுப்பில் அதை ஏந்தி அடுப்புக்குள் வைப்பான். நிமிஷத்துக்கு எழுபது பிஸ்கோத்து அடுப்புக்குள் போகும்! வீசுகிறவனுடைய கை ஒரு தடவை தப்பினால் ஐந்து பேர் வேலையும் கெட்டது. 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காஸ்போர்ட் துறைமுகத்தில் தாமஸ் கிராண்ட் என்பவர் நீராவி இயந்திரத்தைக் கொண்டு இந்த வேலையைச் செய்ய வழி கண்டுபிடித்தார். அவருடைய பிஸ்கோத்துக்கு ஆறு மூலைகள். தேனடை போல் ஒன்றோடு ஒன்று ஒட்டி வெட்டலாம்; நடுவில் மாவு வீணாகாது. யந்திர யுகத்துச் சிக்கனத்துக்கு இது நல்ல உதாரணம்.

இவ்வளவு சிரத்தையுடன் செய்த பிஸ்கோத்து கப்பலில் ஏறிய பிறகு என்ன கதியை அடைந்தது? அங்கேதான் நம்முடைய கதை ஆரம்பமாகிறது.

பூஞ்சையை விரட்டிய வறட்சி வண்டுகளை விரட்டவில்லை. மேலும், சாக்குப் பைகளில் கட்டிக் கப்பலின் அடித்தட்டில் போட்ட பிஸ்கோத்து, கடற்காற்றின் ஈரத்தை மெதுவாகக் குடித்தது. சில மாதங்களில் அதற்குள் குடும்பம் குடும்பமாகப் பூச்சிகள் குடியேறின. பெர்டினாண்டு மகெல்லன் 1520 நவம்பர் மாதக் கடைசியில் பசிபிக் மகா சமுத்திரத்துக்குள் பிரவேசித்தார். மூன்று மாதம் இருபது நாள் அவருடைய மாலுமிகளுக்குப் புதிய ஆகாரம் எதுவும் கிடைக்கவில்லை. அவருடன் பிரயாணம் செய்த பிகாபெட்டா என்ற இத்தாலியர் அந்த நாட்களின் விவரத்தை எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் தின்றது பிஸ்கோத்து அல்ல. புழுக்கள் நெளிந்த தூள். அதிலும் எலிகளின் மூத்திர நாற்றம். பாய்மரத்துக் கயிறு தேயாமல் கட்டியிருந்த மாட்டுத் தோலைக் கழற்றிக் கடலில் நாலைந்து நாள் ஊறவைத்து, நெருப்பில் வாட்டித் தின்றார்கள். மரத்தூளையும் தின்றார்கள். ஓர் எலி அரை டியூக்கட் பொன் விலைக்கு விற்றதாம். அந்த விலைக்கும் கிடைக்கவில்லையாம்! 1519-ல் ஐந்து கப்பல்களில் புறப்பட்டவர்களில், 1522 செப்டம்பரில் பூமியைச் சுற்றிக்கொண்டு 'விக்டோரியா'வில் ஸ்பெயினுக்குத் திரும்பியவர்கள் பதினெட்டுப் பேர்தான். மகெல்லன் அவர்களில் இல்லை.

இது பஞ்சத்தின் கதை. பஞ்சத்தில் உயர்ந்தவன் தாழ்ந்தவன் எல்லாரும் ஒரே பட்டினிதான் கிடந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால், பஞ்சம் இல்லாத கப்பலில் என்ன நடந்தது என்பதையும் கேளுங்கள்.

காப்டன் குக்கின் 'எண்டெவர்' கப்பலில் ஜோஸப் பாங்க்ஸ் என்ற செல்வந்தர், தாவர சாஸ்திர ஆராய்ச்சிக்காகப் பிரயாணம் செய்தார். 1769 செப்டம்பரில் அவர் தம்முடைய தினக் குறிப்பில் கப்பல் பிஸ்கோத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரே பிஸ்கோத்திலிருந்து நூற்றுக் கணக்கில், ஏன், ஆயிரக் கணக்கில் பூச்சிகள் உதிர்ந்ததைத் தாம் கண்டதாகச் சொல்லுகிறார். சாஸ்திரக்காரர் அல்லவா? அந்தப் பூச்சிகளில் எத்தனை வகை என்பதையும், கடுகுபோல் காரமாயிருக்கும் அவற்றின் ருசியையும்கூட விட்டுவிடவில்லை. பிறகு அவர் எழுதியிருப்பதுதான் நம் கவனத்துக்கு உரியது. அவரைப் போன்ற கனவான்களின் அறையில் இதற்குச் சுலபமான பரிகாரம் இருந்தது. மிதமான சூட்டில் பிஸ்கோத்தை அடுப்பில் வைத்தால் பூச்சிகள் தாமாகவே வெளியேறிவிடும். ஆனால், சாதாரண மாலுமிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்கள் பூச்சியோடு சேர்த்தே தின்ன வேண்டியதுதான்.

பாங்க்ஸ் கொடுமைக்காரர் அல்ல. அந்த மனிதர்களுக்காக அவர் பரிதாபப்படவும் செய்கிறார். ஒரே கப்பல், ஒரே மூட்டை, ஒரே பிஸ்கோத்து. ஒரு பக்கத்தில் அடுப்பு இருந்தது. மறு பக்கத்தில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். மாலுமிகள் தங்களுடைய பரிகாரத்தைத் தாங்களே தேடிக்கொண்டார்கள். பிஸ்கோத்தை மேஜையின் மேல் தட்டித் தட்டிப் பூச்சிகளை உதிர்த்துவிட்டுத் தின்றார்கள்.

கண்ணுக்குத் தெரிந்த எதிரி பூச்சி. அதைவிடக் கொடிய எதிரி கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. பிஸ்கோத்தும் உப்பு மாமிசமும் வயிற்றை நிரப்பும். உழைக்கச் சக்தி கொடுக்கும். ஆனால், வைட்டமின் 'ஸி' என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற சத்து அவற்றில் கிடையாது. இரண்டு மூன்று மாதம் அந்தச் சத்து இல்லாவிட்டால் ஈறு வீங்கும், பல் ஆடும், ஆறிப் போன பழைய புண்கூட மீண்டும் வாயைத் திறக்கும். இதற்கு ஸ்கர்வி என்று பெயர். பல்லுக்கு மிகவும் அவசியம் ஏற்பட்ட கப்பலில் பல்லையே பறிக்கும் வியாதி! 1740-ல் ஆன்ஸன் என்ற தளபதியின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து போர்க் கப்பல்கள் புறப்பட்டன. அவற்றில் சுமார் 1,900 பேர் இருந்தார்கள். 1744-ல் ஆன்ஸனுடன் அவருடைய கப்பலில் வீடு திரும்பியவர்கள் 188 பேர். சண்டையில் எதிரியின் கையால் மாண்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோரை வியாதிதான் கொண்டு போயிற்று.

1747-ல் 'ஸாலிஸ்பரி' கப்பலின் வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட் ஒரு பரீட்சை செய்து பார்த்தார். ஸ்கர்வி கண்ட பன்னிரண்டு பேரை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்தார். தினம் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சம்பழமும் தின்ற ஜோடி ஆறே நாளில் தேறிவிட்டது. 1753-ல் இதைப் புத்தகமாகவும் எழுதி வெளியிட்டார். பிரிட்டிஷ் கடற்படையில் எலுமிச்சம்பழ ரசம் எல்லாருக்கும் கொடுப்பது என்று தீர்மானித்தது எப்போது தெரியுமா? 1795-ல்! பரீட்சைக்கும் உத்தரவுக்கும் இடையே 48 வருஷம். ஊறுகாய் ஜாடி இல்லாமல் ஊருக்குப் புறப்படாத நம்மவர்களுக்கு இந்தத் தாமதம் வேடிக்கையாக இருக்கலாம். அந்த 48 வருஷத்தில் ஈறு அழுகிச் செத்த மாலுமிகளுக்கு அது வேடிக்கையாக இருந்திராது.

இனி ராத்தல் வழக்குக்கு வருவோம்.

ஒரு ராத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ் என்பதைப் பள்ளிக்கூடத்து வாய்ப்பாட்டில் படித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் கப்பல்களில் ஒரு ராத்தலுக்குப் பதினான்கு அவுன்ஸ்தான்! பர்ஸர் என்ற பண்டகசாலை அதிகாரி நிறுத்துக் கொடுக்கும் ராத்தல் அது. கப்பலில் சாமான் சிந்தும், சிதறும், எலி தின்னும், கெட்டுப் போகும். அந்த நஷ்டத்துக்கு ஈடாக எட்டில் ஒரு பங்கைப் பர்ஸர் பிடித்துக்கொள்ளலாம் என்று வழக்கம் ஏற்பட்டிருந்தது. இது திருட்டு அல்ல. சட்ட சம்மதம் பெற்ற கழிவு. பர்ஸருக்குச் சம்பளம் சொற்பம். சிந்தாமலும் சிதறாமலும் மிஞ்சியதெல்லாம் அவருடைய லாபம்.

நேயர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 800 பேர் உள்ள பெரிய போர்க் கப்பலில் ஆளுக்கு இரண்டு அவுன்ஸ் குறைந்தால் நாள் ஒன்றுக்கு 1,600 அவுன்ஸ். அதாவது 100 ராத்தல் பிஸ்கோத்து. ஆறு மாதத்தில் 18,000 ராத்தல். ஒவ்வொரு மாலுமிக்கும் தெரிந்ததென்னவோ இரண்டு அவுன்ஸ்தான். சிறிய அநியாயத்தைப் பல பேர் தலையில் பங்கிட்டு வைத்தால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. தராசுக்கு மட்டும் தெரியும்.

1797 ஏப்ரல் 16-ம் தேதி, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை. போர்ட்ஸ்மவுத்துக்கு வெளியே ஸ்பிட்ஹெட் என்ற இடத்தில் நின்ற கப்பல்களுக்கு நங்கூரம் எடுக்கும்படி உத்தரவு பிறந்தது. மாலுமிகள் நங்கூரத்தில் கை வைக்கவில்லை. அப்போது பிரான்ஸுடன் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கிளர்ச்சி செய்த மாலுமிகள் யாரையும் கொல்லப் புறப்படவில்லை. ராஜ்யத்தைக் கவிழ்க்கவும் எண்ணவில்லை. எதிரியின் கப்பல்கள் கிளம்பினால் உடனே போய்ச் சண்டையிடுவதாகவும் சொன்னார்கள். ஒழுங்கு தவறாமல் ஒரு மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு அமைதியாக நின்றார்கள்.

மனுவில் என்ன கேட்டார்கள்? நூறு வருஷத்துக்கு மேலாக உயராத சம்பளத்தை உயர்த்த வேண்டும். நோயாளிகளை நன்றாகக் கவனிக்க வேண்டும். துறைமுகத்தில் இருக்கும்போது காய்கறி கொடுக்க வேண்டும். கொடுக்கிற ஆகாரம் நல்லதாக இருக்க வேண்டும். ராத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ் இருக்க வேண்டும்!

இந்தக் கோரிக்கையைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது, நெஞ்சும் கனக்கிறது. சமுத்திரங்களை ஆளுவதாகப் பெருமை பேசிய சாம்ராஜ்யம். அதன் கப்பல்களை ஓட்டிய மனிதர்கள் அதனிடம் கேட்ட வரம், ஒரு ராத்தல் ஒரு ராத்தலாக இருக்கட்டும் என்பதுதான். ஒரு மாதத்துக்குள் பார்லிமெண்டு இறங்கி வந்தது. சம்பளம் உயர்ந்தது. ராத்தல் முழு ராத்தல் ஆயிற்று. முதிய தளபதி ஹவ் பிரபு மன்னரின் மன்னிப்பை எடுத்துக்கொண்டு கப்பல் கப்பலாகப் படகில் போனார். ஆனால், அதே சமயத்தில் தேம்ஸ் நதி முகத்தில் நோர் என்ற இடத்தில் எழுந்த இரண்டாவது கிளர்ச்சிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதன் தலைவன் ரிச்சர்டு பார்க்கரை ஜூன் 30-ம் தேதி தூக்கிலிட்டார்கள்.

கப்பல் பிஸ்கோத்து கரையேறி, சிப்பாய்களின் பையிலும் புகுந்தது. 1861 முதல் 1865 வரையில் அமெரிக்காவில் நடந்த உள்நாட்டு யுத்தத்தில் வடக்கத்திச் சேனைக்கு இதுதான் பிரதான ஆகாரம். அந்த யுத்தத்தில் பீரங்கிப் படையில் சேவை செய்த ஜான் பில்லிங்ஸ் என்பவர், 1887-ல் வெளியிட்ட தமது புத்தகத்தின் பெயரிலேயே இந்தப் பிஸ்கோத்தைச் சேர்த்திருக்கிறார். மூன்று அங்குலச் சதுரத்துக்குச் சற்று ஏறக்குறைய, அரை அங்குலக் கனம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்பது அல்லது பத்து. சிப்பாய்கள் அதற்கு 'பல் மழுக்கி' என்றும், 'புழுக் கோட்டை' என்றும் நாமகரணம் செய்திருந்தார்கள். துப்பாக்கியின் அடிக்கட்டையால் உடைத்துக் காபியில் போடுவார்கள். புழுக்கள் மேலே மிதந்து வரும். அவற்றை வழித்து எறிந்துவிட்டுக் காபியைக் குடிப்பார்கள். பெட்டிகளின் மேல் 'பி. ஸி.' என்று இரண்டு எழுத்துக்கள் இருந்தனவாம். அது சேனை இலாகாவின் சுருக்கெழுத்து. சிப்பாய்களோ, 'கிறிஸ்து பிறப்பதற்கு முன்' என்று அதற்கு வியாக்கியானம் செய்து, பிஸ்கோத்து சுட்ட தேதி அதுதான் என்று சாதித்தார்கள்! வயிற்றில் அடித்தாலும் வாயில் சிரிப்பை அடக்க முடியாத மனிதர்கள் எல்லா தேசத்திலும் இருக்கிறார்கள்.

ஆனால், சிரிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அதை நம் தேசத்துக் கடற்படையும் ஒரு முறை காட்டியது. 1946 பிப்ரவரி 18-ம் தேதி பம்பாயில், 'தல்வார்' என்ற கடற்படைப் பயிற்சி நிலையத்தில் இந்திய மாலுமிகள் சாப்பாட்டைத் தொட மறுத்தார்கள். அங்கே விவகாரம் பிஸ்கோத்து அல்ல. சாப்பிடத் தகாத பருப்பும் ரொட்டியும். அதனுடன் வெள்ளை அதிகாரிகளின் வசைமொழியும் சேர்ந்திருந்தது. சில நாட்களுக்குள் 78 கப்பல்களிலும் 20 கரை நிலையங்களிலுமாகச் சுமார் 20,000 பேர் அந்த வேலை நிறுத்தத்தில் கலந்துகொண்டார்கள். கப்பல்களில் தேசியக் கொடிகள் ஏறின. சர்தார் படேலின் யோசனைப்படி 23-ம் தேதி மாலுமிகள் பணிந்தார்கள். ஆயினும், யாருடைய தோள் பலத்தில் இந்த நாட்டை ஆண்டார்களோ அந்தத் தோள்கள் இனிச் சுமக்கப் போவதில்லை என்பது ஆண்டவர்களுக்கு விளங்கிவிட்டது. ஸ்பிட்ஹெட் மாலுமிகள் கேட்டது முழு ராத்தல். பம்பாய் மாலுமிகள் சாப்பாட்டில் ஆரம்பித்து, ராத்தலை நிறுக்கும் தராசு யார் கையில் இருக்க வேண்டும் என்றே கேட்டுவிட்டார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பிஸ்கோத்தின் மேல் பழியைப் போட்டு முடித்தால் அது நியாயம் ஆகாது. பிஸ்கோத்து என்ன செய்யும்? அது மாவும் தண்ணீரும்தான். கொடுக்கிற கையைப் பொறுத்து அதுவே அமிர்தமும் ஆகும். அதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது.

1909-ம் ஆண்டு ஜனவரி 9-ம் தேதி எர்னஸ்டு ஷாக்கிள்டனும் மூன்று தோழர்களும் தென் துருவத்துக்கு 97 கடல் மைல் தூரம் வரையில் போய்விட்டார்கள். அதுவரையில் எந்த மனிதனும் அவ்வளவு தூரம் போனதில்லை. ஆனால், மேலே போனால் உயிருடன் திரும்ப ஆகாரம் போதாது என்று கண்டு, ஷாக்கிள்டன் திரும்பிவிட்டார். திரும்பி வரும் வழியில் ஆளுக்கு எண்ணி எண்ணிப் பிஸ்கோத்து. தோழர்களில் பிராங்க் வைல்டு என்பவருக்கு வயிற்றுக் கடுப்பு. மட்டக் குதிரையின் மாமிசம் அவர் வயிற்றில் தங்கவில்லை. ஜனவரி 31-ம் தேதி காலையில் ஷாக்கிள்டன் தம் பங்குக்கு உரிய ஒரே ஒரு பிஸ்கோத்தை, மற்ற இருவருக்கும் தெரியாமல், வைல்டின் கையில் பலவந்தமாகத் திணித்தார். வேண்டாம் என்று வைல்டு எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் விடவில்லை. ஆயிரம் ஆயிரம் பவுன் கொடுத்தாலும் அந்த ஒரு பிஸ்கோத்தைத் தம்மிடமிருந்து யாரும் வாங்கியிருக்க முடியாது என்று வைல்டு அன்று தினக் குறிப்பில் எழுதினார். 1914-ல் ஷாக்கிள்டன் மறுபடியும் தென் துருவ யாத்திரைக்குப் புறப்பட்டபோது, வைல்டும் உடன் போனார். 1939-ல் தென் ஆப்பிரிக்காவில் வைல்டு இறந்தார். 2011-ல் அவருடைய அஸ்தியைக் கொண்டு போய்த் தெற்கு ஜார்ஜியாத் தீவில் ஷாக்கிள்டனுடைய சமாதிக்கு வலப்பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

ஆயிரம் பவுன் என்றதும் இன்னொரு செய்தி ஞாபகம் வருகிறது. 1912-ல் மூழ்கிய 'டைட்டானிக்' கப்பலின் உயிர்காப்புப் படகில் வைத்திருந்த ஒரு பிஸ்கோத்து, 2015-ல் இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்தது. 15,000 பவுனுக்குப் போயிற்று! கிரீனிச்சில் உள்ள கடல் காட்சிச் சாலையில் 1784-ம் வருஷத்துப் பிஸ்கோத்து ஒன்று இருக்கிறது. அதன் மேல் தேதியைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே, பிஸ்கோத்து நீடித்திருக்கும் என்று அதைச் சுட்டவர்கள் சொன்னதில் பொய் இல்லை. தின்ன வேண்டியவர்கள்தான் நீடித்திருக்கவில்லை.

ஜப்பானியர் பூகம்ப காலத்துக்கு என்று இன்றும் இந்த இனத்து உலர்ந்த பிஸ்கோத்தைத் தகர டப்பாக்களில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த டப்பாக்களில் பிஸ்கோத்துடன் சில கற்கண்டு உருண்டைகளையும் போடுகிறார்கள். எதற்காகத் தெரியுமா? இனிப்பைக் கண்டால் வாயில் நீர் ஊறும். நீர் ஊறினால் உலர்ந்த பிஸ்கோத்து சுலபமாக இறங்கும். அந்தக் கற்கண்டைப் போட்டவர் யாரோ, நமக்குத் தெரியாது. ஆனால், அவர் அந்தப் பிஸ்கோத்தைத் தாமே ஒரு தடவை தின்று பார்த்தவராக இருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றியது.

இவ்வளவையும் நாம் சிந்தித்து முடிப்பதற்குள் நம் வாயிலிருந்த சீடை நன்றாக ஊறிவிட்டது. கடித்தோம்; உடைந்தது. தேங்காயும் எள்ளும் மணத்தன. நண்பரின் குமாரன் நம் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தான். நாம் இரண்டாவது சீடைக்குக் கை நீட்டியதைப் பார்த்ததும், அவனும் மெல்ல ஒன்றை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டு, பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.